‘காப்பி குடிச்சாச்சா?’ – காலைப் பலகாரத்தில் நெல்லைச் சீமை செய்யும் தவறுகள்

நெல்லைப் பக்கம் காலை எட்டு மணிக்கு ஒரு வீட்டுக்குப் போனால் “காப்பி குடிச்சாச்சா?” என்று கேட்பார்கள். கேட்பது காப்பியைப் பற்றி அல்ல. இட்லியோ தோசையோ சாப்பிட்டாயிற்றா என்றுதான் அதற்குப் பொருள். பலகாரத்துக்குத் துணையாக வந்த காப்பி, சாப்பாடு மொத்தத்துக்கும் பெயராகிவிட்டது. இப்போது பல வீடுகளில் பெயர் மட்டும்தான் மிச்சம். காப்பி குடித்தாயிற்று, பலகாரம் இல்லை. பலகாரம் நடக்கிற வீட்டிலும் வேறொரு கோளாறு: தட்டில் இட்லி நாலு ஆறாகிவிட்டது, வெஞ்சனம், அதாவது தொட்டுக்கொள்வது, இரண்டு கரண்டித் தண்ணீர்ச் சட்னியாகச் சுருங்கிவிட்டது.

காலைச் சாப்பாட்டால் என்ன நன்மை என்று கேட்டால் முதலில் இரவைப் பார்க்க வேண்டும். ஒன்பது மணிக்குச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் எட்டு மணி வரை, 11 மணி நேரம் வயிற்றுக்குள் ஒன்றும் போவதில்லை. அந்த நேரம் முழுக்க ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடாமல் காப்பது கல்லீரல். தன்னிடம் சேர்த்து வைத்த கிளைக்கோஜன் என்ற மாவுப்பொருளை, ஏறத்தாழ 100 கிராம் இருக்கும், கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துவிடும். விடியும்போது அதில் கணிசமான பகுதி தீர்ந்திருக்கும். அதன் பிறகு புரதத்திலிருந்தும் கொழுப்பிலிருந்தும் சர்க்கரை செய்துகொள்ளும் திறமை உடம்புக்கு உண்டு. ஆகவே நோய்நொடி இல்லாத ஒருவர் ஒரு வேளை விட்டால் ஒன்றும் ஆகிவிடாது. காலையில் சாப்பிடாவிட்டால் மூளை சுருங்கும் என்பதெல்லாம் வீண் மிரட்டல். நல்ல காலைச் சாப்பாடு செய்வது வேறு வேலை. மதியச் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை தாறுமாறாக ஏறுவதைக் குறைக்கும். பதினோரு மணிக்கு வடைக்குக் கை போகாமல் தடுக்கும். நாள் முழுக்கத் தேவைப்படும் புரதம், இரும்பு, நார்ச்சத்தில் ஒரு பங்கை முதலிலேயே வாங்கித் தந்துவிடும். இந்த மூன்றும் எந்தெந்த இடத்தில் கைநழுவுகின்றன என்பதுதான் இங்கே சொல்லப் போவது.

டீயைப் பலகாரக் கணக்கில் எழுதுவது

அதிகாலையிலேயே டீக்கடை திறந்துவிடுகிறது. ஆறு மணிக்கு ஒன்று, எட்டு மணிக்கு ஒன்று, பத்து மணிக்கு வடையோடு ஒன்று. கடை டீயில் சீனி இரண்டு தேக்கரண்டி, அதாவது 10 கிராம். மூன்று டீக்கு 30 கிராம். ஒரு நாள் முழுமைக்கும் சேர்க்கும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். பத்து மணிக்குள் அந்த எல்லை தாண்டியாயிற்று. இன்னும் வாயில் பருக்கை படவில்லை.

சூடும் சீனியும் பாலும் சேர்ந்து பசியை ஒரு மணி நேரம் மழுக்கும். அதனால்தான் “காலையில் எனக்குப் பசிக்கவே இல்லை” என்கிறார்கள். பசி இல்லாமல் இல்லை. டீ அதைத் தள்ளிப் போட்டிருக்கிறது. பிறகு பதினொன்றரைக்குச் சேர்த்து வைத்துப் பசிக்கும்போது கண்ணில் படுவது எண்ணெய்ச் சட்டி. அந்தச் சட்டியின் எண்ணெய் கறுத்து, நுரைத்து, வடை போடும் முன்பே புகைகிறது என்றால் அது பலமுறை காய்ந்த எண்ணெய். அங்கே வடை வேண்டாம்.

டீயோடு சேர்ந்த இன்னொரு பிழை அவ்வளவாகக் கண்ணில் படாதது. டீயில் உள்ள டானின், பருப்பிலும் கீரையிலும் கேப்பையிலும் இருக்கும் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். குடலால் அதை உறிஞ்ச முடியாது. காப்பியும் ஓரளவு இதையே செய்யும். தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை என்று 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது. அந்த நிலையில், முருங்கைக்கீரை அடை சுட்டுப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே ஒரு தம்ளர் டீயையும் வைத்தால் கீரை ஆய்ந்த பாடு பாதி வீண். சாப்பாட்டுக்கும் டீக்கும் முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். அடையோடு எலுமிச்சை பிழிந்த வெங்காயமோ ஒரு நெல்லிக்காயோ சேர்ந்தால், அதில் உள்ள வைட்டமின் சி இரும்பை உள்ளே கொண்டுபோக உதவும்.

முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்கு இது இரட்டைக் கேடு. கூலி 1000 பீடிக்கு இவ்வளவு என்று கணக்கு. எழுந்து போனால் எண்ணிக்கை குறையும். மடியில் தட்டு, தட்டில் நறுக்கிய இலை, ஓரத்தில் புகையிலைத் தூள், கைக்கெட்டும் தூரத்தில் டீ. தூளில் உள்ள நிகோடின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் போகும். பசியை மட்டுப்படுத்துவது அதன் குணங்களில் ஒன்று. ஆகையால் பசி வந்தால் சாப்பிடலாம் என்று காத்திருந்தால் மதியம் ஆகிவிடும். தட்டை மடியில் எடுத்து வைக்கும் முன்பே சாப்பிட்டுவிடுவதுதான் இவர்களுக்கு வழி. நடுவில் சாப்பிட நேர்ந்தால் தண்ணீரில் அலசினால் போதாது. சோப்புப் போட்டு, நகக்கண்ணையும் தேய்த்துக் கழுவ வேண்டும்.

ஆறு இட்லி, அரைக் கரண்டி சாம்பார்

நம் இட்லி கெட்ட உணவு அல்ல. ஆவியில் வெந்தது, புளித்தது, அரிசியும் உளுந்தும் சேர்ந்தது. அரிசிப் புரதத்தில் லைசின் குறைவு, உளுந்தில் அது தாராளம். உளுந்தில் குறைவதை அரிசி கொடுக்கும். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் தந்த அம்பை 16 குட்டைக் குண்டரிசி, இட்லிக்கென்றே பேர் வாங்கியது. தவறு இட்லியில் இல்லை, எண்ணிக்கையிலும் பக்கத்தில் வைப்பதிலும் இருக்கிறது.

கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். வீட்டுத் தட்டில் வார்க்கும் நடுத்தர இட்லி ஒன்றில் சுமார் 12 கிராம் மாவுச்சத்து, 2 கிராம் புரதம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு வகுத்த அளவுப்படி ஒருவருக்கு நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு ஏறக்குறைய 46 கிராம். அதில் 12 முதல் 15 கிராம் காலையில் வந்தால் நல்லது. ஆறு இட்லி சாப்பிட்டால் 12 கிராம் கிடைக்குமே என்று கேட்கலாம். கிடைக்கும், கூடவே 72 கிராம் மாவுச்சத்தும் வரும், அதுவும் வேகமாகச் சர்க்கரையாகும் அரிசி மாவு. நாலு இட்லியோடு நிறுத்தி, நாலு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்ட சாம்பாரில் தன் பங்கை முழுதாக ஊற்றிக்கொண்டால் புரதம் 13-ஐத் தாண்டும், இட்லியின் மாவுச்சத்து 48-ல் நிற்கும். அதே 100 கிராம் பருப்பைப் பத்துப் பேருக்கு நீட்டினால் அது சாம்பார் அல்ல, புளித்தண்ணீர்.

சாம்பார் வைக்க நேரமில்லாத நாளில் ஒரு முட்டை அவித்தால் 6 கிராம் புரதம். முட்டை சேராத வீடுகள் நம் பக்கம் நிறைய. அவர்களுக்கு ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம், வறுத்த நிலக்கடலையில் 7 கிராம். இரவே ஊறவைத்த பாசிப்பயறோ கொண்டைக்கடலையோ சுண்டலாக ஒரு கிண்ணம் இருந்தால் அதைவிட மேல். தட்டில் சுண்டல் இருந்தால் முதலில் அதைச் சாப்பிட்டுவிட்டு இட்லிக்குப் போங்கள். நாரும் புரதமும் முன்னால் போனால் பின்னால் வரும் மாவுச்சத்து நிதானமாகத்தான் ரத்தத்தில் ஏறும். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது செலவில்லாத வைத்தியம். சாப்பிட்டபின் பத்துப் பதினைந்து நிமிட நடையும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

மாவிலும் ஒரு கண் வேண்டும். 4 உழக்கு இட்லி அரிசிக்கு 1 உழக்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம் என்பது பழகிய அளவு. 3-க்கு 1 என்று போட்டாலும் இட்லி கெடாது, தட்டில் கொஞ்சம் பரந்து வரும், அவ்வளவே. உளுந்து விலை ஏறும்போதெல்லாம் முதலில் வெட்டு விழுவது இந்த விகிதத்தில்தான். பாக்கெட் மாவு வாங்குகிறவர்கள் ‘பூப்போல இருக்கிறதே’ என்று ஏமாறக் கூடாது. சோறும் ஜவ்வரிசியும் சோடா உப்பும் போட்டு மெதுமையை வரவழைக்க முடியும். உளுந்து குறைந்த இட்லி ஆறினால் கல்லாகும், கையில் பிட்டால் பொலபொலவென்று உதிரும்.

பொடி பற்றி ஒரு வார்த்தை. எள் வறுத்துப் போட்ட நம் ஊர்ப் பொடி அருமையான சாமான். ஆனால் அதன் நடுவே குழி பறித்து நல்லெண்ணெய் ஊற்றும்போது யாரும் அளப்பதில்லை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் என்பது 120 கலோரிக்கு மேல், இரண்டு இட்லிக்குச் சமம். இரண்டு தேக்கரண்டியோடு நிறுத்தினாலும் பொடி நனையத்தான் செய்யும்.

இடியாப்பத்துக்கும் இதே விதி, இன்னும் கடுமையாக. அதில் உளுந்துகூடக் கிடையாது, வெறும் அரிசி மாவு. தேங்காய்ப்பாலும் சீனியும் ஊற்றிச் சாப்பிட்டால் அது பலகாரம் அல்ல, பட்சணம். சொதி என்ற தேங்காய்ப்பால் குழம்பு வைத்தால் கதையே வேறு: பாசிப்பருப்பு, காரட், பீன்ஸ், முருங்கைக்காய், பட்டாணி என்று காலை நேரத்திலேயே ஒரு கிண்ணம் காய் உள்ளே போகும். நம் காலைத் தட்டில் காய்க்கு இடம் கொடுத்த அபூர்வமான குழம்பு அது. கல்யாண மறுவீட்டு விருந்துக்கு என்று ஒதுக்கி வைக்காமல் வாரம் ஒருநாள் வைக்கலாம். பருப்பைக் குழைத்து, கடைசியாகக் கெட்டித் தேங்காய்ப்பாலைச் சேர்த்ததும் கொதிக்கவிடாமல் இறக்க வேண்டும் என்ற கைப்பக்குவம் மட்டும் தெரிந்தால் போதும். புட்டுக்கும் அவித்த பயறே ஜோடி. பழமும் சீனியும் மட்டும் பிசைந்தால் இனிப்போடு இனிப்பு.

உளுந்தஞ்சோற்றை மறந்தது

ஆச்சிமார் கைவசம் வைத்திருந்ததும் பேத்திமார் கைவிட்டதும் இது. மதியச் சாப்பாடாகப் பழகியது என்றாலும், காலையில் ஒரு வட்டில் சாப்பிட்டு வயலுக்கோ வேலைக்கோ போனால் ஒரு மணி வரை தாங்கும்.

நாலு பேருக்கு அரிசி 200 கிராம், தோல் நீக்காத உடைத்த கறுப்பு உளுந்து 100 கிராம். உளுந்தை வெறும் சட்டியில் மணம் வரும்வரை வறுத்து, அரிசியோடு சேர்த்து ஒரு தடவை மட்டும் அலசுங்கள். 12 பல் பூண்டு, அரைத் தேக்கரண்டி வெந்தயம், கொஞ்சம் சீரகம், ஒரு சிறு துண்டு தட்டிய சுக்கு, அரை மூடித் தேங்காய்த் துருவல், உப்பு. ஒரு பங்குக்கு இரண்டேகால் பங்கு தண்ணீர், குக்கரில் மூன்று நாலு விசில். தொட்டுக்கொள்ள எள்ளுத் துவையல். ஆளுக்கு 9 கிராமுக்குக் குறையாத புரதம் சோற்றிலேயே வந்துவிடும். 20 கிராம் எள்ளில் அரைத்த துவையல் மேலும் 3 கிராமுக்கு மேல் தரும், தோல் நீக்காத எள் என்றால் சுண்ணாம்புச்சத்தும் இரும்பும் கூடவே வரும்.

இதில் நடக்கும் பிழைகள் மூன்று. உளுந்தை ஊறவைத்துத் தேய்த்துக் கழுவி, தோலை நீரோடு விட்டுவிடுவது. நார் அந்தத் தோலில்தான் இருக்கிறது. சத்துக்கு ஆசைப்பட்டு அரிசிக்குச் சமமாக உளுந்து போடுவது. சோறு களியாகும், வயிறு ஊதும். துவையலை விட்டுவிட்டு நெய்யை ஊற்றுவது.

பழையதை வெறும் சோறும் உப்புமாக்குவது

பழைய சோறு மறுபடி மரியாதைக்கு வந்திருக்கிறது, நல்லதுதான். ஆனால் செய்முறை பாதி வீடுகளில் மறந்துவிட்டது. இரவு மிஞ்சிய சோற்றை மேசைமேல் பத்து மணி வரை வைத்துவிட்டு, படுக்கப் போகும்போது ஞாபகம் வந்து தண்ணீர் ஊற்றினால் அது பழையது அல்ல, ஆபத்து. வெந்த சோற்றில் உயிர் தப்பும் ஒருவகை பாக்டீரியாவின் வித்துகள், சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் பெருகி விஷத்தைச் சேர்க்கும். அந்த விஷம் திரும்பச் சூடாக்கினாலும் போகாது. சோறு ஆறிய உடனே, மண்சட்டியில் போட்டு, சோற்றுக்கு மேல் இரண்டு விரற்கடை தண்ணீர் நிற்க ஊற்றி மூடுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் போதும். சித்திரை வெயில் காலத்தில் எட்டே அதிகம். நல்ல பழையது லேசாகப் புளித்து மணக்கும். நூல்போல இழுத்தாலோ, வழவழத்தாலோ, நாற்றம் கெட்டிருந்தாலோ கொட்டிவிட வேண்டியதுதான்.

ஊறும்போது உப்புப் போடாதீர்கள், காலையில் சாப்பிடும்போது போட்டால் போதும். அதையும் அளந்து. நாளொன்றுக்கு உப்பு மொத்தம் 5 கிராம், ஒரு தேக்கரண்டி. மோர்மிளகாய் இரண்டு, கல்லிடைக்குறிச்சி அப்பளம் ஒன்று, ஊறுகாய் ஒரு விள்ளல் என்று வைத்துக்கொண்டால் காலையிலேயே அதில் பெரும்பங்கு தீரும். ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குப் பழையது கெடுதல் என்று சொல்வதில் உண்மை இவ்வளவுதான்: கெடுப்பது சோறு அல்ல, தொடுகறி. சின்ன வெங்காயம், கெட்டித் தயிர், முந்தின நாள் கீரை அல்லது பயறு என்று மாற்றினால் குறை ஒன்றுமில்லை. நீத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் போவது காலைச் சாப்பாடு ஆகாது.

கருப்பட்டி என்றால் கணக்கில்லை என்று நினைப்பது

உடன்குடிக் கருப்பட்டியின் மணத்துக்கு ஈடு கிடையாது. சீனியில் இல்லாத தாதுக்கள் கொஞ்சம் அதில் உண்டு. ஆனாலும் அதன் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், சீனியும் அதே சுக்ரோஸ்தான். “சுகர் இருக்கு, அதனால கருப்பட்டிக் காப்பிக்கு மாறிட்டேன்” என்று சொல்லும் அண்ணாச்சிமாரின் ரத்தத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. பதநீரும் அப்படியே. பருவத்தில் காலையில் ஓலைப்பட்டையில் வாங்கிக் குடிக்கும் 200 மில்லியில் 20 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை இருக்கும். குடிக்கலாம், குடித்த அன்று டீக்குச் சீனி வேண்டாம். உளுந்தங்களியில் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்வது வயதுக்கு வந்த பிள்ளைக்குச் சில நாள் கொடுக்கும் கணக்கில் வந்தது. உட்கார்ந்து வேலை செய்கிறவர் தினமும் சாப்பிடுவதற்கு அல்ல.

கேப்பை, கம்பு விஷயமும் ஏறக்குறைய இதேதான். நைசாக அரைத்து, சலித்து, பாலும் சீனியும் போட்டுக் கஞ்சியாகக் காய்ச்சினால் சிறுதானியம் என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். ரத்தத்தில் சர்க்கரை, அரிசிக் கஞ்சிக்கு ஏறுவது போலவே வேகமாக ஏறும். களியாகவோ அடையாகவோ தடிப்பாகச் செய்து, கீரைக் குழம்போடு சாப்பிடுங்கள்.

மாத்திரை ஒரு நேரம், சாப்பாடு ஒரு நேரம்

காலைச் சாப்பாட்டுத் தவறுகளில் உயிருக்கு உலை வைப்பது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் மெதுவாகக் கெடுக்கும்.

களக்காட்டிலிருந்தோ ராதாபுரத்திலிருந்தோ ஒரு பெரியவர் பாளையங்கோட்டைக்கு வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்குக் கிளம்புகிறார் என்று வையுங்கள். பழக்க தோஷத்தில் ஆறு மணிக்குச் சர்க்கரை மாத்திரையைப் போட்டுவிட்டார். சாப்பிடவில்லை, சாப்பிடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள். பஸ்ஸில் கூட்டம், ஆய்வுக்கூடத்தில் வரிசை. ஒன்பது மணிக்குக் கை நடுங்கும், சட்டை நனைய வேர்க்கும், கேட்ட கேள்விக்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகள் சாப்பாடு வந்ததா என்று பார்ப்பதில்லை; கணையத்தை நெருக்கி இன்சுலினை இறக்கிவிடும். அவை காலைச் சாப்பாட்டோடு ஒட்டிப் போட வேண்டியவை. சாப்பாடு தள்ளிப்போனால் மாத்திரையும் தள்ளிப்போக வேண்டும். குத்திக்கொள்ளும் இன்சுலினுக்கும் இதே எச்சரிக்கை. மெட்ஃபார்மின் தனியாக இப்படி இறக்காது, ஆனால் வெறும் வயிற்றில் குமட்டும், வயிற்றைப் புரட்டும். சாப்பாட்டோடு போடுவதே சரி.

சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டி சீனியை, அதாவது 15 கிராமை, தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் மறுபடி பாருங்கள். ஏறவில்லை என்றால் இன்னொரு முறை. ஏறியதும் இட்லியோ பழமோ கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் திரும்ப இறங்கும். நம் ஊர்ப் பஸ்ஸில் யார் கையிலாவது அல்வாப் பொட்டலம் இருக்கும். அந்த நேரத்தில் அல்வா கொடுத்துவிடாதீர்கள். அதில் உள்ள நெய் சர்க்கரை உறிஞ்சப்படுவதைத் தாமதமாக்கும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, 108-ஐ அழையுங்கள்.

பரிசோதனை நாளுக்கான ஒழுங்கு: முந்தின இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குறைந்தது எட்டு மணி நேரம் இடைவெளி, தண்ணீர் மட்டும் குடிக்கலாம், சீனி போடாத டீயும் கூடாது. மருத்துவர் வேறு மாதிரி சொல்லாவிட்டால் மாத்திரையைக் கையோடு கொண்டுபோய், ரத்தம் எடுத்ததும் பலகாரத்தோடு போடுங்கள். அடுத்த ரத்தம் இரண்டு மணி நேரம் கழித்து என்பார்கள். முதல் வாய் வைத்த நேரத்திலிருந்து அதை எண்ண வேண்டும், கை கழுவிய நேரத்திலிருந்து அல்ல. அன்றைக்கு மட்டும் இரண்டு இட்லி சாப்பிட்டு நல்ல எண் வாங்குவது பரீட்சையில் பார்த்து எழுதுவது மாதிரி. மருத்துவர் மருந்தைக் கூட்ட வேண்டிய இடத்தில் கூட்டாமல் விட்டுவிடுவார்.

தைராய்டு மாத்திரை நேர் எதிர். எழுந்ததும் வெறும் வயிற்றில், வெறும் தண்ணீரில், அதன்பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை டீயும் கிடையாது, காப்பியும் கிடையாது. கால்சியம், இரும்பு மாத்திரைகளுக்கு அதிலிருந்து நாலு மணி நேரம் தள்ளி நில்லுங்கள். பலருக்கு மாத்திரை அளவு ஏறிக்கொண்டே போவதற்கு டீயோடு விழுங்குவதும் ஒரு காரணம். அமிலத்துக்குக் கொடுக்கும் பேண்டோபிரசோல் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால். மூட்டுவலிக்கான டைக்ளோஃபினாக் வகைகள் சாப்பாட்டுக்குப் பின்னால் மட்டும்.

அல்சர் பேச்சும் இங்கேதான் வருகிறது. “காலையில் சாப்பிடாமல் அல்சர் வந்துவிட்டது” என்பது ஊர்ப்பேச்சு. வயிற்றுப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா, அடுத்து வலி மாத்திரைகள். அந்த பாக்டீரியாவைக் கண்டுபிடித்ததற்காகத்தான் பாரி மார்ஷலுக்கும் ராபின் வாரனுக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. பட்டினி எரிச்சலைக் கூட்டலாம், அதுவே புண்ணை உண்டாக்குவதில்லை. எரிச்சல் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் நேரத்துக்குச் சாப்பிட்டுப் பார்ப்போம் என்று காத்திருக்காமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

எடை குறைக்கக் காலையை வெட்டுவது, எடை குறைக்கக் காலையில் திணிப்பது

இரண்டும் நடக்கிறது. காலையில் சாப்பிட்டால்தான் எடை குறையும் என்பது நிரூபணமாகவில்லை. 2019-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 13 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, காலையில் சாப்பிட்டவர்கள் நாளுக்குச் சராசரியாக 260 கலோரி கூடுதலாகத்தான் சாப்பிட்டிருந்தார்கள். அவை பெரும்பாலும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. மதியம் மூன்று கரண்டி சோறு போடும் வீட்டை அவை பார்த்ததில்லை. ஆக, வளர்ந்த, நோயற்ற ஒருவர் காலையை விட்டுவிட்டு மதியமும் இரவும் அளவோடு சாப்பிட்டால் சண்டைக்கு இடமில்லை. நம் பக்கம் நடப்பது அதுவல்ல. காலையை விட்டவர் இரண்டரை மணிக்கு ஒரு மலைச் சோறும், இரவு நாலு பரோட்டாவும் சாப்பிடுகிறார்.

வளரும் பிள்ளைகள், கர்ப்பிணிகள், பால் கொடுப்பவர்கள், சர்க்கரைக்கு மருந்தெடுப்பவர்கள் இந்த விளையாட்டில் இறங்கக் கூடாது. புரட்டாசி சனி, கந்த சஷ்டி விரதமோ, ரமலான் நோன்போ இருக்கும் சர்க்கரைக்காரர்கள் முன்கூட்டியே மருத்துவரிடம் போய் மாத்திரை நேரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். விடியுமுன் சாப்பிடும் சஹர் சாப்பாட்டைத் தூக்கத்துக்காக விடுவது அந்த மாதத்தின் பெரிய பிழை.

ஆறாம் வகுப்பில் அறுந்துபோவது

முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்ட் முதல் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது. உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடச் சாம்பார். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை. பிள்ளைக்குப் பள்ளியில் கிடைக்கிறதே என்று வீட்டில் பெரிய தம்ளர் நிறைய டீயும் ரஸ்க்கும் கொடுத்து அனுப்பினால் பிள்ளை அங்கே பொங்கலை ஒதுக்கும். கொடுப்பதானால் ஒரு பழம், கொஞ்சம் பால்.

ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்குத்தான் சிக்கல். பள்ளி தூரமாகிறது, பஸ் ஏழே காலுக்கு, தட்டில் காத்திருந்த சாப்பாடும் நின்றுவிட்டது. வீடு ஐந்து வருஷமாகக் காலையில் பிள்ளைக்குச் சமைத்துப் பழகவில்லை. பத்துப் பதினொரு வயதில், குறிப்பாகப் பெண்பிள்ளைகளுக்கு உடம்பு வேகமாக வளரும் அதே நேரத்தில், பட்டினி பழக்கமாகிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டுக் குமட்டி, “இந்த மாத்திரையே வேண்டாம்” என்று பிள்ளை சொல்வதும் இதன் தொடர்ச்சி. பாலில் கலக்கும் ஊட்டச்சத்துப் பொடி இதற்கு மாற்றாகாது. டப்பாவின் பின்புறம் 100 கிராமுக்குச் சர்க்கரை எவ்வளவு என்று படியுங்கள். பலவற்றில் மூன்றில் ஒரு பங்கு அதுதான். ஏழு மணிக்கு உட்கார்ந்து சாப்பிட முடியாத பிள்ளைக்கு, தோசைக்குள் பாசிப்பயறு மசித்து வைத்துச் சுருட்டிக் கொடுத்தால் பஸ்ஸில் ஜன்னலோரம் சாப்பிட்டுவிடும்.

காலை கெடுவது முந்தின இரவில்

பத்தரை மணிக்குப் பரோட்டாவும் சால்னாவும் சாப்பிட்டவருக்கு ஏழரைக்குப் பசிக்காது. மைதாவும் எண்ணெயும் வயிற்றைவிட்டு நகரவே நேரமெடுக்கும். படுத்தால் எதுக்களிக்கும். காலையில் பசி இல்லாததற்கு மருந்துக்கடையில் டானிக் கேட்பதற்கு முன்னால் இரவுச் சாப்பாட்டை எட்டு, எட்டரைக்குக் கொண்டு வந்து பாருங்கள். ஒரு வாரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

படுக்கும் முன் இரண்டு கைப்பிடி பயறைத் தண்ணீரில் போட்டுவிட்டால் மறுநாள் வெஞ்சனத்துக்குப் பாதி வேலை முடிந்தது. மறந்துபோன நாளைக்கு: பொரிகடலை நாலு மேசைக்கரண்டி, நிலக்கடலை இரண்டு, வற்றல் மிளகாய் மூன்று, ஒரு பல் பூண்டு, நெல்லிக்காயளவு புளி, உப்பு. வறுத்த கடலையாக இருந்தால் அடுப்பே வேண்டாம். தண்ணீர் கம்மியாக விட்டுக் கெட்டியாக அரையுங்கள், நாலு பேருக்கு வரும்.